முன்வரிசையில் அமர்ந்த மகளுக்கு

என் அன்பு மகளே,

ஆயிரம் மேடைகளில் பிறர்மேல் குற்றம் சாட்டிய நான், இன்று உன் ஒருத்தியின் முன்னால் என்மேலேயே குற்றம் சாட்டுகிறேன்.

பசிக்கொடுமையைக் கண்டித்து நான் பேசிய கூட்டம் அது. உனக்குப் பதினொரு வயது. "விளைஞ்சதெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கறீங்களா? முன்வரிசையில உக்காந்திருக்கா பாருங்க, என் பொண்ணு" என்றேன். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. அந்தக் கைதட்டலுக்கு மயங்கி, அடுத்த நான்கு ஊர்களிலும் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஊருக்குப் போகும் வழியில் நீ கேட்டாய்: "அப்பா, நான் இனிமே கடைசி வரிசையில உக்காந்துக்கட்டுமா?"

"அங்க இருக்கற நாற்காலி தாங்குமாம்மா?" என்றேன்.

நீயும் சிரித்தாய். இப்போது மேடை ஏறும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் எனக்கு முதலில் கேட்கிறது.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, அலுவலகப் படிக்கட்டில் நீ இருமுறை மயங்கி விழுந்ததை உன் அறைத்தோழி சொல்லித்தான் அறிந்தேன். "மூணு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன் அங்கிள். எடை பாக்கணும்னு சொன்னதும், போன் வருதுன்னு எழுந்து வெளியே போயிடறா" என்றாள். எடைக்கருவியின் முன்னால் உனக்கு யாருடைய குரல் கேட்கிறது என்பதை அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

மருத்துவரிடம் பேசிவிட்டேன். எடை எண் தெரியாதபடி நீ திரும்பி நின்றுகொள்ளலாம். அதை உரக்கச் சொல்லவும் மாட்டார்கள். இக்கடிதத்தை உன் தோழி உன் கையில் தரும்போது நான் மருத்துவமனை வாயிலில் நிற்பேன். ஒரு சொல்லும் பேச மாட்டேன். என்னை மன்னிப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்.

கடிதத்தை மடித்து வை. செருப்பை மாட்டு. இப்போதே புறப்படு.

உன் அப்பா