சேகண்டிக்கு நடுங்கும் என் மகளைப் பள்ளியில் மறுபடி சேர்க்க வேண்டுவது

மனுச் செய்துகொள்பவன்:
கலியன், த/பெ சம்மந்தம்,
கடல் தொழில், மூர்த்திக்குப்பம்,
பாகூர் கொம்யூன்.

சமூகம்:
பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் துரை அவர்கள்,
புதுச்சேரி.

விஷயம்: மந்த புத்தி என்று பெயர் அடிக்கப்பட்ட என் மகள் தனக்கொடி, வயது ஏழு, மறுபடி பள்ளியில் சேர்க்கப்பட வேண்டுவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. நான் உயிரோடிருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

2. எங்கள் குப்பத்திலிருந்து பள்ளிக்குப் போன முதல் பெண் குழந்தை என் மகள். ஐந்து மாதம் போனாள். போன வாரம் வாத்தியார் ஐயா பதிவேட்டில் 'மந்த புத்தி, படிப்புக்கு லாயக்கில்லை' என்று எழுதிப் பெயரை அடித்துவிட்டார். பள்ளி மணி அடித்ததும் இவள் காதைப் பொத்திக்கொண்டு பலகைக்கு அடியில் போய்விடுகிறாளாம். அப்புறம் அரை மணி நேரம் எதைக் கேட்டாலும் பதில் இல்லையாம். அவர் சொன்னதில் பொய் இல்லை. நானே போய்ப் பார்த்தேன்.

3. பார்க்கப் போன இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே மணி என்று ஒன்று இல்லை. தொங்கவிட்ட வெண்கலத் தட்டை மரக்கட்டையால் தட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் சங்கோடு சேர்த்துத் தட்டும் சேகண்டியின் சத்தம் அதே சத்தம்.

4. 1930-ம் வருஷம் ஐப்பசிப் புயலில் என் கட்டுமரம் சிதறிப்போனது. என்னை ஒரு சரக்குக் கப்பல்காரர்கள் தூக்கி நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தேன். இங்கே கரை ஒதுங்கிய மரத்தைப் பார்த்து ஊர் முடிவு கட்டிவிட்டது. பதினாறாம் நாள் எனக்குக் கருமாதி நடந்தது. வடை நன்றாக இருந்ததென்று இன்றும் என்னிடமே சொல்பவர்கள் உண்டு. அதற்கு நானும் சிரித்துவிடுகிறேன். ஆனால் அன்று என் மனைவி சின்னபொண்ணு எட்டு மாத கர்ப்பிணி. முந்தின மாதம் வளைகாப்பில் அடுக்கிய வளையல்களைச் சங்கும் சேகண்டியும் முழங்க உடைத்தார்கள். நான் வீடு வந்து சேர்ந்தது இருபத்து நான்காம் நாள்.

5. பிரசவம் பார்த்த தையலம்மாள் அப்போது என்னிடம் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது; அதை அவள் வாய்ச்சொல்லாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன்: "சேகண்டி தட்டனப்போ என் கை அவ வயித்து மேலதான் இருந்துச்சி. புள்ள ஒரு துள்ளு துள்ளிச்சி. அப்பால ரெண்டு நாளு அசையவே இல்ல கலியா. இன்னா பண்றதுன்னே தெரில." இதை மனுவில் சேர்க்க வேண்டாம் என்றார் எழுதித் தரும் அரங்கநாதன் அவர்கள். நான்தான் கட்டாயம் வேண்டும் என்றேன்.

6. தனக்கொடி பிறந்தது முதல் தூக்கம் குறைவு. கதவு சாத்தினால் திடுக்கிடுவாள். பேச்சு மூன்று வயதுக்கு மேல்தான் வந்தது. குப்பத்தில் சாவு விழுந்தால் இவளைத் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போய்விடுவோம். பிணத்துக்குப் பயப்படுகிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். பள்ளியிலிருந்து திரும்பிய அன்று சோதித்துப் பார்க்க வீட்டு வெண்கலத் தட்டை ஒரே ஒரு தட்டு தட்டினேன். தாயும் மகளும் ஒரே நொடியில், ஒரே மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். ஒருத்தி அன்று கண்ணால் பார்த்தவள். மற்றவள் அன்று பிறந்திராதவள். ஐயா, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டேன். இனி அதைத் தொட மாட்டேன்.

7. இரண்டு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்; இருபது பாகம் ஆழத்தில் வலை இறக்குகிறவன் நான். மேலே புயல் என்றால் அடியில் கிடக்கும் மீன் இடம் மாறிவிடும். தாய் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண் திறக்காத சிசு தாயின் துக்கத்தைத் தன் துக்கமாக வாங்கி வைத்துக்கொள்கிறது என்றால், அந்தப் படைப்பை நினைத்து நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பயமாகவும் இருக்கிறது.

8. அவள் மந்தம் இல்லை. இருட்டு பிரியுமுன் துடுப்புச் சத்தத்தை வைத்தே எவருடைய மரம் கரைக்கு வருகிறது என்று சொல்லுவாள். இதுவரை தப்பியதில்லை. அவள் காது எப்போதும் விழித்திருக்கிறது. அதுதான் அவளுடைய கஷ்டமும்.

9. ஆகையால் துரை அவர்கள் தயவு செய்து அந்த எழுத்தை நீக்கி என் மகளை மறுபடி சேர்க்க உத்தரவிட வேண்டும். தட்டுக்குப் பதில் ஒரு கைமணி வைக்கச் சொல்ல வேண்டும். கைமணியை நானே வாங்கித் தருகிறேன். வாத்தியார் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு இது தெரியாது, பெற்ற எனக்கே தெரியவில்லை. நான் சாகவில்லை என்று ஊருக்கு ஒரே நாளில் தெரிந்துபோனது. என் மகளுக்கு மட்டும் இன்னும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

10. எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டு போதும் என்றார் அரங்கநாதன் அவர்கள். நான் சம்மதிக்கவில்லை.

பாகூர்,
1938 ஜூலை 11.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

கலியன்

(மேற்படி பெயரை யார் உதவியும் இல்லாமல் எழுதியவள் தனக்கொடி.)