குளிருக்கு ஒரு மூடி

அன்புள்ள ஹார்லனுக்கு,

நான் சுகம்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் டுலூத்தில் பனி விழத் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன்.

நாம் காரேஜில் கட்டிய விமானம் போன மாதம் மேலே ஏறும்போது கொஞ்சம் கோபித்துக்கொண்டது. எஞ்சின் ஆயிலின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது; உடனே இறக்கிவிட்டேன். பயப்படாதீர்கள், எனக்கும் அதற்கும் ஒரு கீறல்கூட இல்லை. இந்த யூமா ஊர் வெயிலில் ஆயிலைக் குளிர்விக்க நம் சின்ன ஆயில் கூலர் போதவில்லை. பெரிதாக ஒன்றை மாட்டிவிட்டேன். இப்போது முள் அடங்கி நிற்கிறது.

விமானம் நிறுத்தும் பக்கத்து ஷெட்டுக்காரர் டுவைட் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, இவ்ளோ பெருசா மாட்டிட்டே? உங்க ஊர்க் குளிர்ல இது ஆயிலைச் சூடாகவே விடாதே! அப்ப ஊருக்குத் திரும்புற எண்ணமே இல்லையா?"

"பாதியை மூடிட்டாப் போச்சு, உங்க வேலையப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அதனால் ஒரு வேலை. கூலரின் பாதியை மறைக்கும்படி அலுமினியத் தகட்டில் ஒரு மூடி வெட்டி வையுங்கள். அளவைப் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். தகடு இங்கேயும் கிடைக்கும். ஆனாலும் நீங்களே வெட்டுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம். பறந்து வரும் வழியில் கூலரின் பாதிக்கு டேப் ஒட்டிச் சமாளித்து, டிசம்பரில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
மாரிட்