கட்டெறும்பும் கேப்டனும்

புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். பொய் இல்லை, முழு உண்மையா என்பதுதான் சந்தேகம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த இந்த ஐந்து மாதத்தில் அவள் காது கூர்மையாகிவிட்டது. கண்தான் புரை விழுந்து மங்கிக்கொண்டு வருகிறது. அந்த மங்கலை நம்பித்தான் நான் இப்போது ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன்.

நம் நாய் கட்டெறும்பு தொலைந்து, பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? எப்படித் தொலைந்தது என்று சொல்லவில்லை. அன்று கடைக்குக் கிளம்பியவன், அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. இரண்டு முறை பார்த்தேன். அந்த நிம்மதியில் வெளிக்கதவுக்குத் தாழ் போடாமல் போய்விட்டேன். அம்மாவிடம், காற்றில் திறந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

பதினோராம் நாள், முனைக்கடைத் தையல்காரர் ஒரு நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். "சார், உங்க கட்டெறும்பு ஸ்டேஷன் வாசல்ல டிக்கெட் எடுக்க நின்னுட்டிருந்தான், புடிச்சுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். அதே கறுப்பு, அதே மடிந்த காது. கழுத்துப்பட்டை மட்டும் இல்லை. நான் அழுதுவிட்டேன். அம்மா கையை நீட்டி அதன் தலையைத் தடவினாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, வந்துட்டான்ல? முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

நாலு நாளில் எனக்குச் சந்தேகம் ஆரம்பித்தது. இது இடது பக்கம் சாய்ந்து படுக்கிறது. அவன் வலது பக்கம். குழாயில் சொட்டும் தண்ணீரை இது நக்குவதில்லை. பின்னங்காலில் இரண்டு விரல் வெள்ளை. அவனுக்கு அப்படி இருந்ததா? வங்கியில் முப்பத்தொரு வருஷம் கையெழுத்துகளைச் சரிபார்த்தவன் நான். ஒரே ஆள் போடும் கையெழுத்து இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. அச்சாகப் பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டேன். வித்தியாசம் இருப்பதாலேயே இது நம் நாய்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். காணவில்லை, கறுப்பு நாய், பெயர் கேப்டன், பின்னங்காலில் இரண்டு விரல் வெள்ளை. மத்தியானம் அம்மா தூங்கியதும் சமையலறையில் நின்று, மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னேன். நாய் சட்டென்று எழுந்து நின்றது. என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தது.

மறுநாள் மருந்துக்கடையிலிருந்து, நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் ஒரு ஆண் குரல், "கேப்டனைப் பத்தியா? கிடைச்சிட்டானா? உயிரோட இருக்கானா சார்?" என்றது. போனை வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் இதைவிட அற்பமாக நான் எதுவும் செய்ததில்லை.

என் பயம் இதுதான். நாய் வந்தபிறகுதான் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பயிற்சி கொடுக்க வரும் பெண், "இன்னைக்கு நாலு அடி! இனிமே நாயே பயிற்சி குடுக்கட்டும், நான் கிளம்பறேன்" என்கிறாள். இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம்முடையவன் வரவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால்?

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. "டேய்" என்கிறாள், "இவனே" என்கிறாள். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கட்டெறும்பு என்று கூப்பிடவில்லை. புதுப் பட்டை வாங்கி வரவா என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள்.

இங்கே உள்ள படங்களில் அவன் பின்னங்கால் தெரியவில்லை. உன்னிடம் இருப்பதைப் பார்த்து எழுது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா

ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளே,

படம் தேட வேண்டாம். உன் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை மருந்துக்கடையில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதே படம். அதன் கீழே கையால், "ஒரு முறை போன் செய்தவர் தயவுசெய்து மறுபடி பேசவும். திட்ட மாட்டோம்" என்று எழுதியிருந்தது. எழுதிய கை நடுங்கியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அங்கேயே நின்று போன் செய்து, சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கே அம்மாவின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை ஐந்து குறிப்புகளாக எழுதி வைத்திருந்தேன். மூன்றரை வரை வாய் வரவில்லை. நாய் கட்டிலடியில், தொங்கும் அவள் கைக்குக் கீழே படுத்திருந்தது. கடைசியில் அவளே, "என்ன அந்தப் பேப்பர், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி? சத்தமா படிங்க, நானும் கேக்கறேன்" என்றாள்.

முதல் குறிப்பைப் படித்தேன்: கதவைத் திறந்து போட்டது நான். இரண்டாவதைப் படிக்க அவள் விடவில்லை. தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

கட்டெறும்பின் கழுத்துப்பட்டை. நீ சிவப்பு நூலால் தைத்த இடம் அப்படியே இருந்தது.

தொலைந்த இரண்டாம் நாளே, நான் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, தெரு கூட்டும் பெண் அதை ஜன்னல் வழியாக அம்மாவிடம் கொடுத்தாளாம். பெரிய சாலையில் லாரி அடித்துவிட்டதாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்தப் பெண்ணே குழி தோண்டி மூடியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "கதவு யாரு திறந்ததுன்னு உங்க மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. அதுக்கு மேல இதையும் எப்படிச் சொல்ல? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவன் வந்துட்டான். நீங்களும் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சீங்க" என்றாள். உனக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே என்றேன். "கண்ணுக்குத்தானே புரை, கைக்குமா?" என்றாள். அந்த நாலு அடியும் எனக்காகத்தானாம். நாயைக் காட்டிக் காட்டி நான் கெஞ்சிய முகத்தைப் பார்த்து நடந்தாளாம். பிறகு நோட்டீஸ், கேப்டன், நாலு மணி என்று மீதிக் குறிப்புகளையும் படித்து முடித்தேன்.

நாலு மணிக்கு வந்தவர் என் வயதுக்காரர். தெருவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே நாய் கத்த ஆரம்பித்தது. நம் வீட்டில் அது ஒரு நாளும் எழுப்பாத குரல். அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். எண்ணினேன், பதினான்கு அடி. குனிய முடியாமல் நின்றபடியே, "போயிட்டு வாடா கேப்டன்" என்றாள். அதை அவள் பெயர் சொல்லி அழைத்தது அந்த ஒரு முறைதான்.

அவர்கள் போனபின் வெளிக்கதவுக்குத் தாழ் போட்டேன். திரும்பிப் போய் ஒரு முறை பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து நம் கட்டெறும்புக்காக அழுதோம், இத்தனை நாள் கழித்து.

மழைக்கோட்டுக்குள் ஒளித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நீ. முதலில் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. இதைப் பிரிக்கும்போது உன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பட்டை உன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீ நன்றாக இரு. படித்து முடித்ததும் போன் செய், கண்ணு. எந்த நேரமானாலும் சரி. போன் அம்மாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது. இனி அவள் கேட்டால் பரவாயில்லை.

என்றும் உன்,
அப்பா