நாற்பத்தொன்பதில் நின்றவன்

நேற்று எங்கள் கிணற்று மோட்டர் நின்றுபோய்விட்டது. திருத்த வந்தவர் அதைக் கழற்றி முற்றத்தில் பரப்பியபோது கிறீஸ் மணம் வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. உன் கடிதங்களின் மணம் அது. எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் மூலையில் உன் பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கும். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாவதைக் கண்ட அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தை நாளைக்கு வந்து செய்யட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம், இருந்து முடிச்சிட்டுப் போங்கோ" என்று நான் சொன்ன வேகத்தில் அவர் பயந்தே போனார். வீட்டைத் திறந்தபடி அவரிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன். வழியெல்லாம் உன் நினைவுதான்.

நீ முரசுமோட்டையில் வோட்டர் பம்ப் திருத்துகிறவன். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் உதிரிப்பாகம் வாங்க மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு வருவாய். வாப்பாவின் தொலைபேசிக் கடையில் இரண்டு கொம்பியூட்டர் இருந்தன. வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருந்த நீ, என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்காது. "காலில சப்பாத்தும் இல்லை, கையில பெரிய வாளோ? உவன் செத்துப்போவான்."

செத்துத்தான் போனான். இணையத்தில் ஆடும் விளையாட்டு அது. படம் குறைவு, எழுத்துத்தான் அதிகம்; அதனால் எங்கள் தொலைபேசி இணைப்பிலும் ஓடியது. ஆளொருவனை உருவாக்கி, மிருகங்களோடு சண்டை பிடித்து, அனுபவம் சேர்த்து, லெவல் லெவலாக ஏற்றவேண்டும். லெவல் ஏற ஏற நல்ல ஆயுதமும் கவசமும் போடலாம். நான் அதுவரை ஏழு பேரை உருவாக்கி ஏழு பேரையும் பத்தாம் லெவலுக்குள் கைவிட்டிருந்தேன். எட்டாவது ஆளை நீ உருவாக்கினாய். ஊர்க்குளத்தின் பெயரையே வைத்தாய்: இரணைமடு. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அது வாயில் வரவில்லை, "ஐரா" என்று சுருக்கிவிட்டார்கள்.

உன் ஊரில் இணையம் இல்லை. ஆகவே நீ திட்டம் போடுவாய், நான் ஆடுவேன். கொப்பித்தாளில் எழுதி லொறிக்காரரிடம் கொடுத்துவிடுவாய். எந்த லெவலில் எதைப் பலப்படுத்துவது, எதை விற்கக்கூடாது, எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு முறை இப்படி எழுதியிருந்தாய்: "வடக்கு வாசலால போ. ஆறு பேரோட அடி. கவசம் இல்லாமல் கோட்டைக்குள்ள போகாதை." சோதனைச் சாவடியில் இதை ஒருவர் வாசித்தால் என்ன ஆகும் என்று நம் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை. லொறிக்காரர் மத்தியானம் வரைக்கும் சாவடி வாங்குப் பலகையில் இருந்து விளக்கம் சொல்லிவிட்டு வந்து, கடிதத்தை என் மேசையில் எறிந்தார். "உங்கட விளையாட்டுக்கு நான் சாகோணுமோ?"

அதற்குப் பிறகு நீ பம்ப் பாசையில் எழுதத் தொடங்கினாய். வாள், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஆனது. கவசம் முழுவதற்கும் பெயர் பம்ப். சப்பாத்து, குழாயின் அடியில் பூட்டும் ஃபுட்வால்வ். "முதல் ஃபுட்வால்வைப் பூட்டு" என்று எத்தனை தரம் எழுதியிருப்பாய்! நான் அலுத்துப்போய்ச் சிரிப்பேன். ஆனால் நீ சொன்னபடி ஆடியதால்தான் இரணைமடு ஒரு முறைகூடச் சாகவில்லை.

ஐந்து துண்டுக் கவசம் ஒன்று இருந்தது. ஐந்தையும் சேர்த்துப் போட்டால்தான் முழுப்பலன். போட ஐம்பதாம் லெவல் வேண்டும். இரண்டு வருடம் பாடுபட்டு ஐந்தையும் பெட்டகத்தில் சேர்த்துவிட்டோம். 2006 ஆடியில் நீ வந்தபோது இரணைமடு நாற்பத்தொன்பதில் நின்றான். "இன்னும் ஒரு மணித்தியாலம் தா மச்சான், ஏத்திப்போட்டுப் போறன்" என்றாய். வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரம். "அடுத்த மாசம் வந்து ஏறு, கவசம் எங்கயும் ஓடாது" என்றேன். நீ கதிரையைத் தள்ளி வைத்து எழும்பினாய். "அப்ப நான் வரும்வரைக்கும் ஏத்தாதை, என்ன?" "ஓமடா, ஏத்தமாட்டன்." கடைத் திறப்பை உன் கையில் தந்து, முடித்துப் பூட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கடையைத் தூக்கிக்கொண்டா ஓடப்போகிறாய்? அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

அடுத்த மாதம் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. லொறியும் இல்லை, கடிதமும் இல்லை. நாற்பது நாள் ஆடாமல் விட்டால் ஆளை அழித்துவிடுவார்கள் என்பது விளையாட்டின் சட்டம். சண்டை பிடித்தால் லெவல் ஏறிவிடும். ஆகவே சண்டையை விட்டேன். அனுபவம் சேராத வேலை மீன்பிடி ஒன்றுதான். கிட்டத்தட்ட மூன்று வருடம் இரணைமடு ஒரு குட்டைக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். "ஐரா, உனக்கு என்ன வருத்தம்?" என்று கூட ஆடியவர்கள் கேட்டார்கள். கூட்டாளி ஒருவன் வரவேண்டும் என்று பதில் எழுதினேன். பிறகு அவர்களும் கேட்பதில்லை.

2009இல் சண்டைக்குத் தப்பிய சனம் வவுனியா முகாம்களுக்கு வந்தது. பாணும் சவர்க்காரமும் கொண்டுபோய் வேலியோரம் உன்னைத் தேடினேன். முன்பு ஒருமுறை உன்னோடு கடைக்கு வந்த உன் தங்கச்சிதான் என்னை அடையாளம் கண்டாள். "அண்ணா வரேல்லை" என்றாள். எங்கே, எப்படி என்று இரண்டு வசனத்தில் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். பிறகு பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வேலிக்கு மேலால் தந்தாள்.

"ஒவ்வொரு இடமா மாறேக்கையும் உந்தக் கொப்பியைத்தான் முதல் எடுக்கிறவர். 'அவனுக்கு எங்க பொறுமை, இதுக்குள்ள ஐம்பது ஏத்தியிருப்பான். மிச்சத்துக்குத் திட்டம் வேணுமெல்லே' எண்டு சொல்லிச் சிரிப்பார்."

திறந்து பார்த்தேன். முதல் வரி: "50. பம்ப் பூட்டியாச்சு." அதற்குக் கீழே ஐம்பத்தொன்றிலிருந்து எண்பது வரைக்கும், கிறீஸ் விரலோடு.

அடப்பாவி! என் வாழ்க்கையில் ஒரே ஒரு விசயத்தில்தான் பொறுமையாக இருந்தேன். அதையும் நீ நம்பவில்லையே. அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு, சனம் பார்க்கப் பார்க்க அழுதேன். உன் தங்கச்சிதான் என்னைத் தேற்றினாள்.

மறுநாள் கடையில் தூண்டிலை வைத்துவிட்டு காட்டுப்பன்றிகளை அடிக்கத் தொடங்கினேன். நீ கேட்ட அந்த ஒரு மணித்தியாலமே போதுமாக இருந்தது. ஐம்பது. பெட்டகத்தைத் திறந்து முதலில் சப்பாத்தைப் போட்டேன், பிறகு மற்ற நாலும். அதற்குப் பிறகு உன் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்பது வரைக்கும் ஏற்றினேன். ஒரு வரியும் மாற்றவில்லை. அந்த விளையாட்டை இப்போது மூடிவிட்டார்கள். கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது.

நேற்று பள்ளியால் திரும்பியபோது மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தியவர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கை கழுவிக்கொண்டு நின்றார். கடையிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை யாராவது கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் எழுப்பமாட்டேன். "முடிச்சிட்டுப் பூட்டுங்கோ" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவேன். விசர் வேலை என்று வாப்பா கடைசி வரைக்கும் ஏசினார். திறப்பை யாரோ ஒருவர் கையை நீட்டி வாங்குகிறார். நான் உனக்குத்தான் கொடுக்கிறேன்.