காலிக் கட்டத்துக்கு நான் போட்ட மதிப்பெண்

மார்ச் 3
அரசின் திறந்த தரவுத் தளத்துக்கு மதிப்பெண் போடும் வேலை இந்த ஆண்டும் எனக்கே வந்துவிட்டது! யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம் என்று போட்டு வைத்திருக்கும் இருநூற்றுப் பதினாறு கோப்புகள். ஒவ்வொன்றும் புதியதா, முழுமையானதா, யாருக்காவது உதவுமா என்று பார்க்க வேண்டும். "எக்செல்ல பாத்து சிரிக்கிற ஒரே ஆள் நீதான்" என்கிறார் வீட்டுக்காரர். வயிற்றெரிச்சல்.

மார்ச் 5
குடிநீர்ப் பரிசோதனைக் கோப்புக்குப் போன ஆண்டு நூற்றுக்கு 61. இந்த ஆண்டு 94! ஒரு கட்டம்கூடக் காலியில்லை. போன முறை பாதி காலி என்று நான்தான் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். திருந்திவிட்டார்களே!

மார்ச் 6
தங்கை ஃபோன் செய்தாள். நாலு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் தொடங்குகிறாள். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் உப்பு அதிகம் இருந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்தாம், எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கலக்கச் சொன்னாராம் டாக்டர். "அதை எங்கக்கா போய் பாக்குறது?"
எனக்குத் தலைகால் புரியவில்லை. இதற்குத்தானே இந்தத் தளம்! இரண்டே நிமிடத்தில் அவள் வார்டைப் பிடித்துவிட்டேன். பூஜ்யம். "சுத்தமோ சுத்தம்டி. தாராளமா குடு."

மார்ச் 7
பல் தேய்க்கும்போது உறைத்தது. மழையிலும் பூஜ்யம், கோடையிலும் பூஜ்யமா?
ஓடிப் போய்த் திறந்தேன். மற்ற வார்டுகளில் 11.4, 23.8 என்று மாதத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அவள் வார்டில் பன்னிரண்டு மாதமும் 0. போன ஆண்டுக் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று காலியாக இருந்த அதே வார்டுகள்தான் இன்று பூஜ்யம்.
சோதிக்கவே இல்லை. ஐயோ, நான் என்ன சொல்லித் தொலைச்சேன்!
"குழாய்த் தண்ணி வேண்டாம்டி. கேன் வாங்கு, இப்பவே."
"நேத்து நீதானக்கா நல்ல தண்ணின்ன?"
நான்தான். இரண்டு புட்டி கொடுத்துவிட்டாளாம். குழந்தை நன்றாக இருக்கிறது.

மார்ச் 9
சண்டை போடத்தான் தரவு அதிகாரியிடம் போனேன்.
"காலியா விட்டா மார்க் குறைக்கிறீங்களே மேடம். அதான் பூஜ்யம் போட்டு நிரப்பிட்டோம்."
எத்தனை வார்டில் இப்படி என்று கேட்டேன்.
முப்பத்தொரு வார்டு அப்படி. தண்ணீர் சோதிக்கும் வண்டி ஒன்றுதான், அங்கெல்லாம் போகவே இல்லை. "காலியா காட்டினாத்தான் ரெண்டாவது வண்டி கேக்க முடியும். காட்டினா உங்க மார்க் போயிடும்."
"போகட்டும் சார். காட்டுங்க!"
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 12
மதிப்பீட்டு விதியையே மாற்றி எழுதிவிட்டேன். சோதிக்காததைக் காலியாக விட்டால் மதிப்பெண் குறையாது, பொய்யாக நிரப்பினால் குறையும். இந்தத் தவறுக்குக் காரணம் என் பழைய விதி என்று முதல் பக்கத்திலேயே எழுதினேன்.
"உன் தப்ப நீயே எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் உன்ன யாரு கூப்பிடுவா?" என்றார் மேலாளர்.
தெரியாது. ஆனால் இத்தனை வேகமாக நான் ஒரு அறிக்கையும் எழுதியதில்லை.

மார்ச் 16
முப்பத்தொரு வார்டும் காலி! புதிய விதி அடுத்த ஆண்டிலிருந்துதான்; பழைய விதிப்படி கோப்பின் மதிப்பெண் 94-இலிருந்து 57. அதிகாரிக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2
இரண்டாவது வண்டி வந்துவிட்டது! முதலில் போனது தங்கை வார்டுக்கு. "குழாய்ல புடிச்சிட்டு போறாங்கக்கா!" என்று கத்துகிறாள் ஃபோனில்.

ஏப்ரல் 6
தங்கை வார்டில் நைட்ரேட் லிட்டருக்கு 71.6 மில்லிகிராம். அனுமதித்த அளவு 45.
எனக்கு முன்னால் தங்கையே தளத்தில் பார்த்துவிட்டாள். கைக்குழந்தை இருக்கும் வீடுகளின் கதவை எல்லாம் தட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "எதிர்வீட்டம்மா நம்பல. ஃபோன்ல கட்டத்த காட்டினேன், உடனே தண்ணிய கீழ கொட்டிட்டாங்க."
மேலாளர் கடிதமும் இன்றுதான் வந்தது. அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கு வேறு ஆள். தங்கையிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிட்டாள். இன்னும் இரண்டு தெரு பாக்கியாம்.