முன்னிருக்கையின் இடது பெடல்

நார்ஃபோக், இங்கிலாந்து
12 செப்டம்பர் 1993

அன்பு யுராதே,

கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் கௌனாஸ் விமானக் கிளப்பின் இருபத்தெட்டாம் நம்பர் விமானத்தை ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்கிறார். "இருபது வருசமா ஓட்டறேன், எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்றார். முழு வேகம் கொடுத்ததும் வலது கால் பெடலை அழுத்திவிட்டார்! இந்த ஊர் விமானம் நேராக ஓட அது சரி. நம்முடையதில் மூக்கு விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறதே! முள்வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். பின்னிருக்கையிலிருந்து "இடது கால்! இடது கால்!" என்று கத்தினேன். நான் விமானம் ஓட்டப் படிக்கும்போது நீ கத்திய அதே கத்தல்.

நம் பக்கத்து ராணுவப் பையன்கள் ஓட்டிப் பழகிய விமானங்களை இப்போது டாக்டர்களும் வக்கீல்களும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு விற்கும் ஹார்வுட், என் பாஸ்போர்ட்டை அவருடைய இரும்பு அலமாரியில் "பத்திரமாக" வைத்திருக்கிறார். கிளப்பின் கடைசி விமானம் விற்றதும் தருவாராம். அதுவரை ஓடுபாதை ஓரத்து வண்டிவீட்டில் நானும் மழையும்தான்.

இடது காலை மறக்காத,
அல்கிஸ்

கௌனாஸ்
3 அக்டோபர் 1993

அன்பு அல்கிஸ்,

கடைசி இரண்டு விமானத்தையும் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டோம். கொட்டகை காலி. தும்மினால் எதிரொலிக்கிறது. கிளப் தலைவர் ஸ்தாசிஸ், "என்னம்மா, உன் புருசனையும் பெட்டியில போட்டு ஆணி அடிச்சிட்டோமா?" என்றார். அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சிரிக்க முடியவில்லை.

சம்பளத்துக்குப் பதிலாகக் கிளப் கொடுத்த என் முப்பத்துநாலாம் நம்பர் விமானம் மட்டும் நிற்கிறது. பெட்ரோல் இல்லை. தினமும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கி வருகிறேன். குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயில் இன்னும் வெந்நீர் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டுக்கு நீ இருக்க வேண்டும். வராதவர்களுக்கு வைக்கும் காலித் தட்டை உனக்கு வைக்க வைத்துவிடாதே.

பின்னிருக்கையிலிருந்து,
யுராதே

நார்ஃபோக்
24 அக்டோபர் 1993

அன்பு யுராதே,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் முப்பத்துநாலையும் ஹார்வுட் ஒரு முன்னாள் நீதிபதிக்குப் பேசி முடித்துவிட்டார். "கிளப் விமானம் எல்லாம்னுதானே பேச்சு? அதுவும் வரணும்ல?" என்கிறார். அது உன் சொந்தம் என்று சொல்லிப் பார்த்தேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அது வராமல் பாஸ்போர்ட் வராது.

வேண்டாம் என்று நீ எழுதினால் கோபப்பட மாட்டேன். ஆனால் எழுதாதே.

இடது காலை மறக்காத,
அல்கிஸ்

கௌனாஸ்
14 நவம்பர் 1993

அன்பு அல்கிஸ்,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்தாசிஸ் எங்கிருந்தோ பெட்ரோல் கொண்டுவந்தார். "ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா. பொண்ணக் கட்டிக் குடுக்கறப்போ சும்மாவா அனுப்புவாங்க?" என்றார். நெமுனாஸ் ஆற்றின் மேலே தலைகீழாகப் பறந்தேன். இறங்கியதும் இறக்கைகளை நானே கழற்றினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இருந்தாலும் அனுப்பிவிட்டேன். எனக்கு நீதான் வேண்டும்.

பெட்டியைத் திறக்கும்போது ஏதாவது குறைந்தால், என்னைக் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசி. கிறிஸ்துமஸ் அன்று உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்யக் கடையில் இறைச்சி சொல்லி வைத்திருக்கிறேன். வா.

பின்னிருக்கையிலிருந்து,
யுராதே

நார்ஃபோக்
8 டிசம்பர் 1993

அன்பு யுராதே,

முப்பத்துநாலு வந்து சேர்ந்தது. ஹார்வுட் சொன்ன சொல் தவறவில்லை, அன்றே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார். கூடவே, ருமேனியாவிலிருந்து பத்து விமானம் வருகிறது, சொல்லித்தர ஆள் இல்லை என்றார். "நீ போயிட்டா இவங்க எல்லாரும் வேலிக்குள்ளதான் போவாங்க" என்கிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வசந்தம் வரைக்கும்தான், கண்ணே.

ஒன்று விட்டுப்போயிற்று. முன்னிருக்கையின் இடது பெடல் பெட்டியில் இல்லை. ஒரு ஆணியைக்கூட மறக்காதவளாயிற்றே நீ! நீதிபதி அவசரப்படுகிறார், உடனே தபாலில் அனுப்பு.

இடது காலை மறக்காத,
அல்கிஸ்

கௌனாஸ்
17 டிசம்பர் 1993

அல்கிஸ்,

பெடல் இதோடு வருகிறது. மறக்கவில்லை, நான்தான் கழற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தேன். அது இல்லாமல் அந்த விமானம் நேராக ஓடாது என்று உனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்ததும் சிரித்துக்கொண்டு, அதை வாங்கிப் போகவாவது ஓடி வருவாய் என்று நினைத்தேன். நீ தபாலில் கேட்டாய்.

அலமாரி பூட்டியிருந்தவரை, நீ வராததற்கு ஹார்வுட்டைத் திட்டினேன், பாவம். ஜனவரியிலிருந்து நான் டிராலி பஸ் ஓட்டுகிறேன். மேலே மின்கம்பியோடு கட்டியிருக்கும், எந்தப் பக்கமும் விலகாது.

நீதிபதியிடம் இடது கால் என்று சத்தமாகச் சொல். காற்றில் கேட்காது.

இறைச்சி வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். பெடலுக்காக வர வேண்டியதில்லை. எதற்காகவும் வர வேண்டியதில்லை.

யுராதே