கட்டிலடியில் கிடந்த சாரி கார்டு

மாமா,
தூங்கிகினு இருந்த, எழுப்பல. சாம்பார் கீது, சுடவச்சுக்கோ. மத்தியானம் உங்க அக்கா வரும். கேட் சாவி ஜன்னல்ல.

முந்தாநாள் பெருக்கும்போது கட்டிலடியில நம்ம வண்டியோட சாரி கார்டு கெடச்சுது. என் பொடவ வீல்ல சிக்கக்கூடாதுன்னு நீயே மாட்டுனது. நீ ஏன் கழட்டுனன்னு யோசிச்சுகினே இருந்தேன். நேத்து கம்பெனில ஒரு ரீல்ஸ் காட்டுனாங்க. காட்டுப்பாக்கம் ரோட்ல ஒருத்தன் முன்வீல தூக்கிகினு பறக்கறான். வண்டில சாரி கார்டு இல்ல. ஹெல்மெட் போட்டா உன் முதுகு எனக்குத் தெரியாதா?

ஒரு சந்தேகம். வீலு அந்தரத்துல நிக்கறப்ப, எதிர்ல ரோடு தெரியுமா? குறுக்க யாராவது வந்தா?

பஸ்ல போறேன்.
எழில்

இன்னொன்னு: நான் பின்னாடி உக்காந்தா ஸ்பீடு பிரேக்கர்ல கூட பூ மாதிரி எறக்குற. தனியா போறப்ப மட்டும் அந்த உசுரு என்னுது இல்லியா மாமா?